மிஸ்ஸியம்மாவின் 43 கடிதங்கள்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் 43 கடிதங்கள். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் கர்சிவ் கையெழுத்து, எல்லாம் பெரிய பாட்டிக்கு வந்தவை. பெரிய பாட்டி என் பாட்டியின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலூரில் டாக்டருக்குப் படித்த முதல் பேட்ச் பெண்களில் அவரும் ஒருவர் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லி வந்தோம். கடிதம் எழுதியது யார் என்று அம்மாவிடம் கேட்டால், "யாரோ ஒரு மிஸ்ஸியம்மா" என்பார். மிஷனில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்களை அப்படித்தான் சொல்வார்கள். கையெழுத்து போடும் இடத்திலும் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது.

அவற்றைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இப்படிப் பழைய கடிதக்கட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இருந்ததிலேயே அதிகம் கிழிந்த கடிதத்தைப் பத்திரப்படுத்தும் எண்ணத்தில், தெருமுனைக் கடையில் லேமினேட் செய்து வாங்கி வந்தேன். சூட்டில் மை பழுப்பாகப் பரவி, பாதி வரிகள் போயே போய்விட்டன. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் வழியில்லை. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப்பும் வேண்டாம். மடிப்பை மெதுவாகப் பிரித்து, மேலே ஒரு சுத்தமான தாளும் அதன்மேல் கனமான புத்தகமுமாக ஒரு வாரம் வைத்தாலே போதும்.

ஒரு காப்பகத்துக்கு எழுதி உதவி கேட்டேன். எட்டு மாதமாகியும் பதில் வராததால் நானே உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும் நேரத்தில் போனில் படம் எடுப்பேன். மை மங்கியிருந்தாலும் பேனா அழுத்திய தடம் அந்த வெளிச்சத்தில் தெரியும். பிறகு, தெளிவாகப் புரிந்த சொற்களிலிருந்து அவருடைய ஒவ்வோர் எழுத்தையும் வெட்டி எடுத்து ஒரு அட்டையில் ஒட்டினேன். அவருடைய 'ஆர்' பார்ப்பதற்கு 'வி' மாதிரி இருக்கும். அது பிடிபட மூன்று வாரம். பிடிபட்ட அன்று ராத்திரியே நான்கு கடிதம் படித்துவிட்டேன்.

மருத்துவமும் மதமுமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்ததெல்லாம் வீடு. ரொட்டி மாவு புளிக்கக் கள் வாங்க வேண்டியிருக்கிறதே என்ற சங்கடம். ஊரிலிருந்து வந்த புத்தகப் பெட்டியைக் கரையான் தின்றது. தமிழ்ப் பரீட்சைக்காக முன்ஷி, அதாவது தமிழ் வாத்தியார், தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்து, 'ழ' வரும்வரை விடாதது. மே மாதம் கொடைக்கானலுக்குப் போனபோது, சமவெளியில் வெந்துகொண்டிருப்பவர்களை நினைத்துக் குற்ற உணர்வு. அமெரிக்காவில் சபைப் பெண்கள் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்துக் கட்டுத்துணியாகச் சுருட்டிப் பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள். யுத்த காலத்தில் அந்தப் பெட்டிகள் வந்து சேரவில்லை. ஒரு கடிதத்தில், தன் தாயார் இறந்துபோன செய்தி ஆறு வாரம் கழித்துத் தபாலில் வந்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, மூன்றாம் வரியில் குடியாத்தத்துக்குப் பஞ்சு அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்தப் பஞ்சு யாருக்கு, எதற்கு என்பது புரிய வேலூர்க் கதையைப் படிக்க வேண்டியிருந்தது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்ற வரச்சொல்லி அவரிடம் வந்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. வைத்தியம் தெரிந்த அவருடைய அப்பாவோ ஆண் என்பதால் அவரை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியிலும் பிறகு கார்னெலிலும் படித்து, 1899இல் டாக்டரானார். 1902இல் வேலூரில் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி. 1909இல் நர்சிங் பள்ளி. வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி நிறுத்தி, மரத்தடியில் காத்திருந்த ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார்.

பெண்கள் மருத்துவம் படிப்பது சென்னைக்குப் புதிதல்ல. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் ஊர்ப்புறங்களுக்குப் போய் வேலை செய்யப் பெண் மருத்துவர்கள் போதவில்லை. அதற்காகத்தான் ஐடா 1918இல் வேலூரில் பெண்களுக்கு மட்டுமான எல்.எம்.பி. பள்ளியைத் தொடங்கினார். எல்.எம்.பி. என்பது பட்டத்துக்குக் கீழே, வைத்தியம் பார்க்க உரிமம் தரும் டாக்டர் படிப்பு. விண்ணப்பம் போடவே ஆள் வராது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வந்தது 151. 1922இல் அரசுப் பரீட்சை எழுதிய 14 பேரும் தேறினார்கள். அந்தப் பதினான்கில் ஒருவர் எங்கள் பெரிய பாட்டி என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலான கடிதங்களில் வருஷமே இல்லை. தேதியும் கிழமையும் மட்டும். இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. தேதியும் கிழமையும் பொருந்தும் வருஷங்களைப் பழைய காலண்டரில் தேடி, கடிதத்துக்குள் இருக்கும் சம்பவத்தால் வடிகட்ட வேண்டும். ஒரு கடிதத்தின் தலைப்பில் ஆகஸ்ட் 13, செவ்வாய் என்று இருந்தது. அது 1912ஆகவும் இருக்கலாம், 1918ஆகவும் இருக்கலாம். உள்ளே, முந்தின நாள் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு வந்து பள்ளியைத் திறந்து வைத்தார், பந்தலில் நல்ல புழுக்கம், புது மாணவிகள் வரிசையாக நின்றார்கள் என்று இருந்தது. பென்ட்லண்ட் கவர்னராக வந்ததே 1912 அக்டோபரில். வேலூர் மருத்துவப் பள்ளியின் திறப்பு விழா 1918 ஆகஸ்ட் 12. திங்கட்கிழமை. சந்தேகமே இல்லை.

சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பிறகுதான் மேல்வரியைப் பார்த்தேன். கடிதம் குடியாத்தத்திலிருந்த பெரிய பாட்டிக்கு எழுதப்பட்டிருந்தது. "நீ இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்" என்று ஆரம்பிக்கிறது. அந்த வரிசையில் அவர் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு மற்ற கடிதங்களை ஒழுங்காக அடுக்கியதும் எல்லாம் பொருந்தி வந்தது. பெரிய பாட்டி நர்சிங் படித்தவர். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் பிரசவம் பார்க்கவும் பழகி, கிராமத்துச் சின்ன மருந்தகத்தில் பல வருஷம் தனியாக இருந்தவர். டாக்டருக்குப் படிக்கப் போட்டிருந்தாரா, கிடைக்கவில்லையா என்பது கடிதங்களில் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மிஸ்ஸியம்மா அவரிடம் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன தீர்ந்துபோனது.

அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். அம்மாவுக்கு 80 வயது. "எங்க பெரியம்மா லேடி டாக்டர்" என்று ஆயுசு முழுக்கச் சொன்னவர். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஊர்ல எல்லாரும் டாக்டரம்மான்னுதானே கூப்பிட்டாங்க" என்றார். அது பொய்யில்லை. கூப்பிட்டவர்களுக்கு எல்.எம்.பி. என்றால் என்ன, நர்ஸ் என்றால் என்ன? ராத்திரி கதவைத் தட்டினால் லாந்தரோடு வந்து நின்றவர் அவர்தான். மிஷன் அறிக்கைகளை இணையத்தில் தேடினால் வெள்ளைக்காரப் பெண்களின் பெயர் முழுதாக இருக்கும். கூட இருந்த நம் பெண்கள் 'நமது பைபிள் பெண்', 'நமது நர்ஸ்' என்பதோடு சரி. ஐடாவுக்கு முதலில் கைகொடுத்த சலோமி மாதிரி ஒரு சிலருக்குத்தான் பெயராவது மிஞ்சியது. எங்கள் பாட்டிக்கு அதுகூட இல்லை என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

சென்ற மாதம் அந்த ஆகஸ்ட் கடிதத்தை மறுபடி படம் எடுத்தபோது, பின்பக்கத்தையும் ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு வருஷமாக வெறும் தாள் என்று நினைத்த பக்கம். பென்சிலில், மிகச் சின்னதாக, தமிழ். 'லை' பழைய துதிக்கை போட்டு எழுதியிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெரியம்மா கையெழுத்துதான்" என்றார். பிறகு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"வியாழன். கண் 31. காது 6. சுரம் 14, கொய்னா கொடுத்தேன். பிரசவம் 1, பெண், இருவரும் சுகம். விளக்கெண்ணெய் உண்டு. பஞ்சு இல்லை."