பாம்புக்கு அஞ்சாதவர் மூச்சுக்கு அஞ்சினார்

சென்ற வாரம் மின்சாரம் போயிருந்த ஓர் இரவில், மொட்டை மாடியில் எதையோ மிதித்து அலறிப் பின்வாங்கினேன். செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைத்தான் மிதித்தேன் என்பது, கால் பின்னுக்கு வந்து, நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்த பிறகே புத்தியில் உறைத்தது. கயிற்றைப் பாம்பென்று எண்ணி அஞ்சுவதைக் கயிற்றரவு என்று நம் பெரியவர்கள் உவமை சொன்ன மயக்கம் இதுதான்.

பயம் மூளையிலுள்ள அமிக்டலா என்ற பகுதியில் குடியிருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சற்று எரிச்சல் வருவதுண்டு. வாதுமைப் பருப்பின் வடிவிலான அப்பகுதி அபாயத்தை அறிவிக்கிறது என்பது உண்மையே. ஆனால் இதயத்தை விரைவுபடுத்துபவை அதன் சொல் கேட்கும் ஹைப்போதலாமஸும் மூளைத்தண்டும். 'இது குழாய்தான்' என்று அடையாளம் காண நினைவும் மூளைப் புறணியும் வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியது எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கதை. அரிய மரபணு நோயொன்று அவருடைய இரு அமிக்டலாக்களையும் அழித்துவிட்டது. பாம்பென்றாலே பிடிக்காது என்று சொல்லிவந்த அவரை ஆய்வாளர்கள் ஒரு செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, அவர் பாம்பைக் கையில் வாங்கிச் செதில்களைத் தடவி, அதன் நாக்கையும் தொட்டுப் பார்த்தார். ஆபத்தான பாம்புகளையும் தொடலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த ஆய்வு 2011இல் வெளியானது. பிறர் முகத்தில் அச்சத்தை அவரால் இனங்காண முடியவில்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. எனினும் கண்களைப் பார்க்கும்படி சொன்னால் அவர் சரியாகக் கண்டுகொண்டார் என்று 2005இல் தெரியவந்தது. அதாவது, பறிபோயிருந்தது அச்சத்தைப் பற்றிய அறிவு அன்று, எங்கே பார்க்க வேண்டும் என்ற தூண்டுதல்.

திருப்பம் 2013இல் வந்தது. 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை முகமூடி வழியாக ஒரே ஒரு முறை உள்ளிழுத்ததும், எஸ்.எம்.மும் அதே நோயுள்ள இரட்டைச் சகோதரியர் இருவரும் பீதியில் துடித்துப்போனார்கள். வெளியுலக அபாயத்தை அறிய அமிக்டலா தேவைப்பட்டாலும், உடலுக்குள் எழும் மூச்சுத்திணறலை உணர மூளைத்தண்டு போன்ற வேறு பகுதிகளே போதும் போலும்.

ஆனால் அடுத்த முறை முகமூடி வரவிருந்தபோது, அதே சோதனையில் ஒருமுறை பீதியடைந்த, அமிக்டலா சேதமடையாத மற்றவர்களிடம் காணப்பட்ட முன்கூட்டிய படபடப்பு இவர்களிடம் இல்லை. நானோ மறுநாள், பட்டப்பகலில், அந்தக் குழாயைத் தாண்டும் முன் ஒரு கணம் நின்றேன்.