பனி உருகும் வாரம்

மண்ணறிவியலில் முனைவர் பட்டத்துக்காக இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். முதல் வருடம், பனிக்காலத்தில் வயலில் என்ன வேலை இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். வெப்ப நாட்டு மண்ணில் பழகியவன் நான். மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆகரை இறக்கினால் டங்கென்று திரும்பி வரும் உறைந்த நிலத்தில் எந்த நுண்ணுயிர் என்ன செய்துவிடும்?

அதனால் மார்ச்சில் பனி உருகத் தொடங்கிய வாரம் வயலுக்குப் போகாமல் லேபில் தொட்டி மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தேன். மண்ணிலிருந்து கிளம்பும் வாயுவை அளந்து சேர்க்கும் என் தரவில் அந்த வாரம் இன்றும் வெற்றிடம். கைடு திட்டவில்லை, பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து காட்டினார். மாதக்கணக்கில் தரையோடு தரையாகப் போன நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமைக்குடில் வாயுவின் கோடு, பனி உருகிய சில நாட்களில் மட்டும் செங்குத்தாக எழும்பி நின்றது.

உறையும்போது நுண்ணுயிர்கள் பலவும் வெடித்துச் செத்துப்போகின்றன, மண்கட்டிகளும் உடைகின்றன. உருகும்போது மிஞ்சிய நுண்ணுயிர்களுக்கு அதெல்லாம் சாப்பாடு. மேலே உருகிய நீர், அடியில் இன்னும் ஐஸ் இருப்பதால் இறங்க வழியில்லாமல் தேங்க, மண் துளைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. உடனே அந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக மண்ணிலுள்ள நைட்ரேட் என்ற நைட்ரஜன் உப்பை வைத்துச் சுவாசிக்கத் தொடங்குகின்றன, நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது. நூறு வருடக் கணக்கில் இந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 273 மடங்கு சூடேற்றும். பயிர்க்காலத்தில் மட்டும் அளந்தால் வருடக் கணக்கே தப்பு.

இந்த வருடம் விடவில்லை. மண்ணில் பதித்த வளையத்தின் மேல் மூடியை அழுத்திவிட்டு 0, 20, 40 நிமிடங்களில் சிரிஞ்சில் காற்றை இழுத்துக் குப்பியில் ஏற்ற வேண்டும். கையுறையோடு பிஸ்டன் பிடிபடாது, கழற்றினால் இரண்டாவது மூடிக்குப் போவதற்குள் விரல் மரத்துவிடுகிறது. ஆனாலும் இந்த நாட்டில் யாரிடமும் வழி கேட்காமல் நான் போகக் கற்ற முதல் இடம் அந்த வயல்தான், எந்த மூலையில் தண்ணீர் முதலில் தேங்கும் என்பதுகூட இப்போது தெரியும்.

நாளை வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டும் என்கிறார்கள். குப்பிகளுக்கு எண் எழுதி முடித்துவிட்டேன், காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும்.