எங்கள் வீட்டில் நாய் இல்லை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் வீட்டு ஹாலில் நாய் குரைத்தது. அம்மா விளக்குமாற்றோடும் அப்பா டார்ச்சோடும் ஓடிவந்தபோது, நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி 2012இல் பிளஸ் டூ படித்தபோது வந்த விலையில்லா மடிக்கணினி அது. அவளுக்குக் கல்யாணமாகி, பையன் எல்கேஜி போகிறான். லேப்டாப் மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. ராம் என்கிற நினைவகம் 2 ஜிபிதான். விண்டோஸ் 7 முழுசாக எழுந்து உட்காருவதற்குள் குக்கர் நாலு விசில் அடித்துவிடும். கூடவே, விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. தங்கச்சி ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டில் ஏற்கெனவே அம்மா ஒரு பாஸ் போதும் என்பது அவள் கட்சி.

போன மாதம் அப்பா, "இதைக் காயலான் கடையில போட்டா என்னடா கிடைக்கும்?" என்று கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முதலில் லுபுண்டு போட்டேன், இலேசான ஒரு லினக்ஸ். இரண்டு விசில். நல்ல பிள்ளைதான், ஆனால் எனக்கு ஒரு விசிலில் வேண்டும். அப்புறம் ஆன்டிஎக்ஸ் என்று இன்னொரு லினக்ஸ். அப்புறம் மறுபடி லுபுண்டு. "பொண்ணு பார்க்க வாடான்னா வரமாட்டேங்குறான், இதை மட்டும் வாரத்துக்கு ஒண்ணு பார்க்குறான்" என்று அம்மா போனில் பெரியம்மாவிடம் புலம்பியது எனக்கும் கேட்டது.

கடைசியில் வந்ததுதான் பப்பி லினக்ஸ். 400 எம்பி சொச்சம். பென் டிரைவிலிருந்து அப்படியே ராமுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே தொடாது. எல்லாம் சரி, திரை வந்ததும் அது குரைக்கும் என்பதுதான் நினைவில் இல்லை. பொங்கலுக்கு வந்த மருமகன் ரைம்ஸ் கேட்க மாட்டிய ஸ்பீக்கர் வேறு, திருகு கடைசிவரை திருகியபடியே கிடந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? தெருவில் நம் கருப்பன் பதில் கொடுத்தான். அவனுக்கு ரேஷன் கடை கும்பல் பதில் கொடுத்தது. அதற்குப் பிள்ளையார் கோவில் கோஷ்டி. அப்பா கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, என் 2019ஆம் வருஷத்துச் செருப்பு ஒன்றைக் கண்டெடுத்தார். நான் அந்த நேரத்தில் அவருக்கு லினக்ஸ் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்திரேலியாவில் பாரி காலர் என்பவர் 2003இல் ஆரம்பித்தது, அவர் வளர்த்த குட்டி நாயின் நினைவாகத்தான் இந்தப் பெயர் என்று. அவர் "ஓஹோ" என்றார். அம்மா விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு பிரவுசரில் யூடியூபைத் திறந்தால், ஒரே பாட்டுக்கு மூச்சு வாங்குகிறது. பப்பி, ராம் என்கிற இலையின் ஓரத்தில் ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்கிற ஆள். பிரவுசர் சம்பந்தி வீட்டுக்காரர். மிச்சப் பந்தி முழுவதும் அவருக்கே போதவில்லை. கல்யாணக்காரன் சிக்கனமாக இருந்து என்ன பிரயோசனம்?

காலையில் எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டபடியே, "என்னப்பா, நாய் வாங்கிட்டீங்களா? என்ன ஜாதி?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆஸ்திரேலியா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கும்பகோணம் கல்யாணத்துக்குப் போகிறோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் மணிக்கொரு தடவை அதுவாகவே குரைக்குமா என்று அம்மா விசாரிக்கிறார். குரைக்க வைக்கலாம், சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்கிற க்ரான் என்று ஒன்று லினக்ஸில் இருக்கிறது. ஆனால் பேட்டரி செத்து ஐந்து வருஷமாகிறது, கரண்ட் போனால் நாயும் போய்விடும் என்றேன். "பாதி நேரம் குரைச்சாப் போதும்" என்கிறார்.

கருப்பன் காலையிலிருந்து கேட்டை விட்டு நகரவில்லை. ஹால் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.