செல்ஃப் டெஸ்ட் பாஸ், ஆனால் மீட்டர் ஆடுகிறது

காரோசெல் செயலியில் வாங்கிய பழைய ஆறரை இலக்க மேசை மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் கருவி) ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. என்னமாய்த் தண்ணி காட்டியது! செல்ஃப் டெஸ்ட் ஓட்டினால் எல்லாம் பாஸ், உள்ளீட்டை ஷார்ட் செய்தால் பூஜ்யம், பேட்டரியை அளந்தாலும் குறை சொல்ல முடியாது. 10 வோல்ட் ரேஞ்சில் உள்ளீட்டு மின்தடையை 10 ஜிகாஓமுக்கு மேல் வைத்தால்தான் வேலையைக் காட்டும். அதுவும் ஏர்கான் ஓடும் இரவில் ஒழுங்காக இருந்துவிட்டு, பகலில் சன்னலைத் திறந்தால் ஆட ஆரம்பிக்கும். நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்று மேல் சந்தேகம் வந்தது அப்போதுதான்: போர்டில் இருக்கும் அழுக்கு ஈரம் பட்டு மின்சாரத்தைக் கசியவிடுகிறதோ?

இந்த அளவு கசிவை அளக்க இன்னொரு மீட்டரை மாட்டினால், அதன் சொந்த 10 மெகாஓம் உள்ளீட்டு மின்தடையே எல்லாவற்றையும் இறக்கிவிடும். அதனால் மீட்டரை வைத்தே மீட்டரைச் சோதித்தேன். 10 நானோஃபாரட் பாலிபுரோப்பிலீன் கெப்பாசிட்டர் ஒன்றை உள்ளீட்டின் குறுக்கே மாட்டி (செராமிக் வேண்டாம், அதுவே கசியும்), கொங் குவான் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி, டின்னை மீட்டரின் லோ (கறுப்பு) முனையோடு இணைத்தேன். டின் இல்லாவிட்டால் பக்கத்தில் கையை அசைத்தாலே எண் ஓடும். ஒரு கணம் ஷார்ட் செய்துவிட்டு விட்டால் விநாடிக்கு 40 மில்லிவோல்ட் ஏறியது, அதை 10 நானோஃபாரடால் பெருக்கினால் 400 பிகோஆம்பியர் கசிவு. கையேடு சொல்வது 30 பிகோஆம்பியருக்குள். மீட்டருக்குள் இருக்கும் 15 வோல்ட் தடத்திலிருந்து கசிவதாக வைத்தால் 37 ஜிகாஓம் அழுக்கு, அவ்வளவுதான், அதுவே போதும்.

டயோடா, அழுக்கா? உள்ளீட்டுப் பாதுகாப்பு டயோடுகளுக்கு லேசாகச் சூடு காட்டினேன் (டயோடு கசிந்தால் சூட்டில் கசிவு கூடும்), பெரிய மாற்றமில்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக போர்டின் மேல் வாயால் ஈர மூச்சை ஊதினேன். எண் எகிறியது! உள்ளீட்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பக்கம் ஊதும்போது மட்டும். யாரோ முன்பு ரிலேயை மாற்றிவிட்டு ஃப்ளக்ஸை (சாலிடர் ஒட்ட உதவும் பசை) துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், புண்ணியவான். (திறந்த பெட்டியில் 230 வோல்ட் இருக்கிறது, ஃபியூஸ் பக்கம் கை போகவே கூடாது.)

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைப்பு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றித் தேய்த்துத் தானாகக் காயவிட்டால் ஃப்ளக்ஸ் கரைந்து பரவி வேறிடத்தில் படியும், முன்பைவிட மோசம். ஈரமாக இருக்கும்போதே பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்து, புது ஆல்கஹால், மறுபடி ஒற்றி, துணியில் மஞ்சள் வராத வரை. ஏர்கான் அறையில் ஓர் இரவு காயவைத்தபின் விநாடிக்கு 2 மில்லிவோல்ட். 20 பிகோஆம்பியர்!

ஆல்கஹாலும் கெப்பாசிட்டரும் சிம் லிம் டவரில் வாங்கியவை, தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் இப்படிப் பழைய கருவிகளைத் தேடி சுங்கை ரோடு சந்தைக்குப் போவோம், 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் போனில் பேரம்தான், பெட்டியைத் திறந்து பார்க்க எந்த விற்பனையாளரும் விடுவதில்லை.

பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை இன்னும் தொடவில்லை. அதற்குள் 10 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று கட்டலாமா என்று மனம் போகிறது. முதலில் பவர் சப்ளையின் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் அலை) பார்க்கணும், அதற்கு அலைக்காட்டியின் புரோப் ஒன்றைச் சரிசெய்யணும்.