ஆத்தங்குடித் தரையும் அக்காவின் மோவாயும்

நான்காவது உருவப்படம் முடிந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். படம் முடிந்துவிட்டது. பிரிண்ட் பாழ். அதைப் பிறகு சொல்கிறேன்.

மொத்தம் பத்து முகங்கள் கொண்ட புகைப்படத் தொடர், 'அடையாளம்' என்பது தலைப்பு. முதல் மூன்றையும் வீட்டின் முன்கட்டான முகப்பில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவில் எடுத்துக் கெடுத்தேன். செட்டிநாட்டு முகப்பில் யாரை நிறுத்தினாலும் வீடுதான் படமாகிறது. ஆள், தூணின் உயரம் தெரிவதற்காக நிற்பதுபோல் நிற்கிறார். ஆகவே இந்த முறை வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள் போனேன். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீடு. அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் நான்காவது ஆள்.

உச்சி வெயிலில் வளவில் எடுத்தால் கண்குழி இருண்டுவிடும். காலை எட்டரைக்கு, தாழ்வாரத்தில், முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்தேன். கடன் வாங்கிய 85 மி.மீ. லென்ஸ், ஆறடி தூரம், எஃப் 2.8. கன்னத்தில் வெளிச்சம் அவ்வளவு பதமாக விழுந்தது. ஆனால் மோவாய் மட்டும் வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல் சிவப்பு.

குற்றவாளி தரை. ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பில் பட்ட வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறுகிறது. (அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால்தான் அந்தப் பளபளப்பு. பழைய போட்டோ நெகடிவும் கண்ணாடித் தகடுதான். உறவுக்காரர்கள்தான் காலை வாருவார்கள்.) கணினியில் ஒயிட் பேலன்ஸை (படம் முழுவதற்குமான நிறச் சமநிலையை) மாற்றினால் மோவாய் சரியாகிறது, நெற்றி நீலம் பாரிக்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், கீழிருந்து வருவதற்கு ஒரு நிறம். ஒரே எண்ணால் இரண்டையும் சமாளிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தெர்மாகோல் அட்டை போட்டுப் பார்த்தேன். முற்றத்துக் காற்றில் அது கிணற்றடி வரை பறந்தது.

கடைசியில் எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்து அக்காவின் காலடியில் விரித்தேன். சிவப்பு ஒழிந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த இருட்டும் இளகியது. பச்சைக் கரை, அந்த நிறமும் ஏறிவிடுமோ என்று அதை உள்ளே மடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் சரியானதும் முகம் மக்கர் செய்தது. அக்கா முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, விறைப்பாக நேரே பார்த்தார். "காது தெரிய வேண்டாமா தம்பி?" என்றார். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் தவிர அவர் எதற்கும் படம் எடுத்துக்கொண்டதில்லை. நாற்பது படங்கள், நாற்பதிலும் அதே அட்டை முகம். வேட்டியின் ஓரத்தை நான் காலால் தள்ளிச் சரிசெய்தபோதுதான், "வெள்ளை வேட்டியை இப்படியா மிதிப்பது?" என்று புருவத்தை நெரித்துக் குனிந்தார். ஒரு வீட்டைக் காக்கிற ஆளின் முகம் அது. எடுத்துவிட்டேன். இடது கண் கூர்மையாக இருக்கிறது, வலது கண் கொஞ்சம் நழுவல். பரவாயில்லை.

இப்போது பிரிண்ட். கடையில் கேட்காமலே முகத்தை இரண்டு நிறம் வெளுத்து, சுருக்கத்தையும் வழித்துவிட்டார்கள். கேட்டால், "எல்லோருக்கும் இப்படித்தான் அண்ணே போடுகிறோம்" என்கிறார் பையன். அடையாளம் என்று தலைப்பு வைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் முகத்தை வாங்கி வந்திருக்கிறேன். நிறத்தில் கை வைக்காமல் மேட் தாளில் போட்டுத் தரும் வேறு கடையைத் தேடுகிறேன். படத்தை மாட்டும் சட்டத்துக்குக் கவலை இல்லை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குச் சட்டம் ஒன்றைப் பேரம் பேசி வைத்திருக்கிறேன்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதும் தீரவில்லை. ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆகஸ்ட் ஸாண்டர் பெரும்பாலும் தொழிலைத்தான் எழுதினார்: கொத்தனார், மிட்டாய்க்காரர் என்று. 1929இல் 60 முகங்களோடு அவர் வெளியிட்ட தொகுப்பின் அச்சுத் தகடுகளை 1936இல் நாஜிகள் அழித்தார்கள். இனத்தின் முகம் இப்படித்தான் என்று அவர்கள் சொன்னதற்கு அந்த முகங்கள் ஒத்துவரவில்லை. நம் செட்டியார்களுக்கோ விலாசம் என்ற தலைப்பெழுத்து உண்டு, இரண்டு மூன்று எழுத்தில் பரம்பரையே அடங்கிவிடும். அக்காவிடமே கேட்டேன். "பெயரைப் போடுங்கள். வீட்டு விலாசத்தைப் போட்டுவிடாதீர்கள், முதலாளியிடம் நான் கேட்கவில்லை" என்றார்.

அடுத்த முகம், ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர். பட்டறைத் தரை சாம்பல் நிற சிமெண்ட்தான், ஆனாலும் வேட்டியை எடுத்துப் போகிறேன். சிவப்புக் கறை இன்னும் போகவில்லை என்று வீட்டில் அதைத் தனியாகத்தான் ஊறவைத்திருக்கிறார்கள்.