அவள் கைபேசியை யாரும் பிடுங்காதீர்கள்

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

இந்தக் குறிப்புகளில் அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ இருக்காது. ஏர்வாடி முதல் மண்டபம் வரையிலான கடற்கரையில், ஒரு பெண் எந்தக் கல்லூரியில் படிக்கிறாள், தகப்பனுக்கு என்ன தொழில் என்று சொன்னாலே போதும், மீதியை ஊர் சொல்லிவிடும். அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். அவள் படித்துச் சரி என்று சொன்ன பிறகே ஒவ்வொரு நாள் குறிப்பையும் வெளியிடுகிறேன். எழுதச் சொன்னதும் அவள்தான்.

நான் நடத்துவது ஓர் இ-சேவை மையம். வருமானச் சான்று, பட்டா, முதியோர் ஓய்வூதிய மனு என்று அன்றாடம் ஓடும். இன்று மாலை அடைக்கும் நேரத்தில் தாயும் மகளும் வந்தார்கள். தாய் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தார்.

"அக்கா, இணையத்தில் இருக்கிற ஒன்றை அழித்துக் கொடுக்க வேண்டும்" என்றார். மகள் வாயே திறக்கவில்லை.

மகளுக்கு வயது பத்தொன்பது. பழகிய ஒருவனிடமிருந்து சில மாதங்களுக்கு முன் விலகியிருக்கிறாள். அவனை நம்பி அவனுக்கு மட்டும் அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டினான். கொடுக்காததால் அவள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, அவளது கைபேசி எண்ணோடு படங்களைப் போட்டுவிட்டான். இரண்டு நாட்களாக முன்பின் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வருகிறது. தாய் கைபேசியைப் பிடுங்கி அணைத்து, இடுப்பில் செருகி வைத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அம்மியில் வைத்து நசுக்கப் போவதாகச் சொன்னார்.

அதை முதலில் வாங்கி மகள் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவன் மிரட்டி எழுதிய ஒவ்வொரு வரியும் அதில்தான் இருக்கிறது. நசுக்கினால் வழக்கின் முதல் சாட்சி போய்விடும். அதைவிட முக்கியமாக, இந்த நேரத்தில் கைபேசியைப் பிடுங்கினால் 'தண்டனை உனக்குத்தான்' என்று அவளுக்குச் சொன்னதாகிவிடும்.

"சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டால் அழித்துவிடுவானா அக்கா?" என்று தாய் கேட்டார். அழிக்க மாட்டான். பணம் வாங்கிய பிறகும் படம் அவனிடமேதான் இருக்கும். அடுத்த மாதமும் கேட்பான். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

படங்களை நான் பார்க்கவில்லை, காட்டச் சொல்லவும் இல்லை. அவளே பதிவுகளைத் திறந்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்தாள். போலிக் கணக்கின் பெயர் மட்டும் போதாது, அதை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். கணக்கின் முழு இணைய முகவரியையும் ஒவ்வொரு பதிவின் முகவரியையும் தனித்தனியே எழுதி வைத்தோம். உரையாடலில் ஒரு வரியையும் நீக்கவில்லை. அவன் எண்ணை முடக்கும் முன்பே இதையெல்லாம் முடித்துவிட்டோம்.

இரவு அவளைத் தனியே படுக்க விடவேண்டாம் என்று தாயிடம் சொல்லி அனுப்பினேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். மனம் தாங்காத நேரத்தில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிவு செய்தோம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் தரலாம். ஆனால் பின்தொடர்ந்து கேட்க வேண்டுமென்றால் பெயரும் எண்ணும் கொடுத்துப் பதிவதே நல்லது. அவள் பெயரோடு பதிந்தாள்.

அடுத்து, படம் வெளியான சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினோம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 3(2)(ஆ) என்று ஒரு பிரிவு உண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளையோ நிர்வாணத்தையோ காட்டும் படம் பற்றி அவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க வேண்டும் என்று 2025-இல் அதில் இருந்தது. முகத்தை ஒட்டிச் சித்திரித்த போலிப் படத்துக்கும் இது பொருந்தும். நீதிமன்ற ஆணை தேவையில்லை. விதி எண்ணைக் குறிப்பிட்டே எழுதினோம். வெறுமனே 'புகாரளி' பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதை நான் நம்புவதில்லை. எழுத்தில் போனால் தேதி இருக்கும், பதில் வராவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக அந்தத் தேதியே ஆதாரம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காவல் நிலையம். எது என்று எழுதவில்லை.

நிலைய எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "ஏன்மா இதையெல்லாம் அனுப்பினாய்?" என்று கேட்டார். தாயின் முதல் கேள்வியும் அதுதான். சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டதும் அதையே. அவள் தலை தாழ்ந்தது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி என்று இருந்ததுதான், 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. அதன் இரண்டாம் விளக்கம் நேராகச் சொல்கிறது: படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அந்த விளக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். 'ஏன் அனுப்பினாய்' என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 'ஏன் பரப்பினான்' என்பதை மட்டும்தான் சட்டம் கேட்கிறது.

பிறகு "இது சைபர் பிரிவு வேலை, ராமநாதபுரம் போங்கள், இங்கே சி.எஸ்.ஆர். ரசீது வேண்டுமானால் தருகிறோம்" என்றார்கள். அது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே, வழக்குப் பதிவு ஆகாது. எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. 77-ஆவது பிரிவுக் குற்றமென்றால் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்பதும் உண்மை, ஆனால் அது விசாரணைக்கான விதி. புகாரைத் திருப்பியனுப்ப அது காரணமாகாது.

பெண் உதவி ஆய்வாளர் வந்த பிறகு நிலைமை மாறியது. தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டார். 77-உடன் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றிப் பரப்புவது), 67ஏ (பாலியல் காட்சியை இணையத்தில் வெளியிடுவது, அனுப்புவது) பிரிவுகளும், பணம் கேட்டு மிரட்டியதற்கான பிரிவும் சேர்ந்தன.

நடுவில் ஒரு காவலர், "படங்களை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார். முடியாது என்றேன். இன்னொரு கைபேசிக்குப் போனால் அது இன்னொரு பிரதி. பென் டிரைவில் போட்டு உறையிட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினோம். சென்ற மாதம்தான் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கில், அவரது அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது சென்னை உயர்நீதிமன்றம். ஆண் காவலர்கள் சூழ்ந்திருக்க அந்தப் பெண் காணொளியைப் பார்க்க நேர்ந்ததை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கண்டித்ததும் அந்த வழக்கில்தான். வழக்கறிஞருக்கே அந்தக் கதி என்றால், பாசி எடுப்பவரின் மகள் துணையில்லாமல் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவாள்?

ஆகஸ்ட் 9, சனி

போலிக் கணக்கு போய்விட்டது. ஆனால் வேறு இடத்தில் முளைக்கலாம். அதற்காக ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்துக்குப் போனோம். பிரிட்டனிலிருந்து ஓர் அறக்கட்டளை 2021 முதல் நடத்துவது, எந்த நாட்டவரும் பயன்படுத்தலாம். "மறுபடியும் நானே படத்தை ஏற்ற வேண்டுமா பெரியம்மா?" என்று பயந்தாள். வேண்டியதில்லை. படம் அவள் கைபேசியிலேயே இருக்கும். அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் கோவை மட்டும் உருவாகி வெளியே போகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெடிட் போன்ற பங்கேற்கும் நிறுவனங்கள் அந்தக் கோவையோடு பொருந்தும் படத்தைக் கண்டறிந்து தடுக்கின்றன. அவள் தன் பிரதிகளை எப்போதோ அழித்துவிட்டாள். மிரட்டுவதற்காக அவன் அனுப்பிய பிரதியே இதற்கு உதவியது.

இதற்கும் எல்லை உண்டு. பங்கேற்காத தளத்தில் இது செல்லாது. வெட்டித் திருத்திய படம் தப்பிவிடலாம். வாட்ஸ்அப்பில் கைமாறுவதை இது பிடிக்காது. பதினெட்டு நிறையாத பிள்ளையின் படமென்றால் டேக் இட் டவுன் என்ற வேறு தளம் இருக்கிறது. அங்கே சட்டமும் வேறு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வரும். அத்தகைய படத்தை வைத்திருப்பதே குற்றமாகிவிடும் என்பதால், சான்று திரட்டுகிறேன் என்று யாரும் தாமாகப் பிரதி எடுக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்துவிட்டு, நேராகக் காவல் நிலையம் போக வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

கச்சான் காற்று ஓயவில்லை. மின்சாரம் விட்டு விட்டு வருகிறது. வேலை ஓடவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

அவள் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். ஊராருக்கு எப்படி முகம் காட்டுவேன் என்று அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "அத்தாவுக்குத் தெரிந்தால்" என்ற சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். நேற்றிரவு தெரிந்துவிட்டது. உறவுக்காரர் ஒருவர், 'உங்கள் நன்மைக்காக' என்ற குறிப்போடு அந்தப் படத்தையே அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. நன்மையை நினைத்தவருக்கு ஒரு தகப்பனிடம் பேச வாய் இல்லையா? படத்தை அனுப்பித்தான் சொல்ல வேண்டுமா? முதலில் போட்டவனும் நல்லெண்ணத்தோடு அனுப்பியவரும் 67ஏ பிரிவின் முன் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். வெளியிடுவதும் குற்றம், அனுப்புவதும் குற்றம். முதல் முறைக்கு ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

காலையில் அவர் என்னை அழைத்தார். கத்துவார், ஊருக்கு வந்து வெட்டுவேன் என்பார் என்று எண்ணித் தயாராக இருந்தேன். "நான் அதைத் திறக்கவில்லை அக்கா" என்றார். "குறிப்பைப் படித்ததும் புரிந்துவிட்டது. அனுப்பியவர் எண், நேரம், எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். போலீசுக்கு வேண்டுமா?"

பிறகு மகளிடம் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் அவள் கணினி முன் உட்கார்ந்து, உறவுக்காரரின் எண்ணையும் சேர்த்துக் கூடுதல் மனுவைத் தானே தட்டச்சு செய்தாள். இதுவரை தட்டச்சு செய்தவள் நான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று பாசி எடுக்கும் பெண்கள் சிலர் மையத்துக்கு வந்தார்கள். தாயே அவர்களிடம் சொல்லிவிட்டார். ஒருவர், "என் மகன் போனில் இருந்தால் அடித்து அழிக்க வைக்கிறேன்" என்றார். அடிக்க வேண்டாம், உடனே அழிக்கவும் வேண்டாம் என்றேன். யார் அனுப்பியது, எந்தக் குழுவில் எப்போது வந்தது என்று எழுதிக்கொண்ட பிறகு அழிக்கட்டும். அந்த விவரத்தோடு ஒருவர் வந்தால், படம் பரவிய சங்கிலியில் ஒரு கண்ணி கிடைக்கும். இன்னொருவர், "இப்படி அனுப்பியதற்கு எங்காவது யாருக்காவது தண்டனை கிடைத்திருக்கிறதா?" என்று கேட்டார். 2018-இல் மேற்கு வங்கத்தின் தம்லுக்கில் காதலியின் படங்களைப் பரப்பிய மாணவனுக்கு ஐந்தாண்டு சிறை கிடைத்ததைச் சொன்னேன்.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் கேட்டிருக்கிறோம். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகத் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.

ஆகஸ்ட் 30, சனி

அவன் கைபேசியையும் மடிக்கணினியையும் காவல்துறை கைப்பற்றி ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறது. அவனை ரிமாண்ட் செய்தார்கள். ஜாமீன் மனு போட்டிருக்கிறானாம், எதிர்க்க வேண்டும். மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின் சான்றிதழ் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டார். கொடுத்தோம்.

அவள் பெயரைத் தேடினால் கூகுளில் ஒரு பழைய இணைப்பு இன்னும் வருகிறது. அந்தரங்கப் படங்களைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரும் படிவம் அங்கேயே இருக்கிறது, அதை நிரப்பிவிட்டாள். மூலத் தளத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். பதில் வரவில்லை. திங்கட்கிழமை கல்லூரி முடிந்து வந்து மேல்முறையீட்டுக்கான தாள்களைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.