எலிக்காய்ச்சல் லேப்பில் எனக்கு இடம் கிடைத்த விதம்

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா குலை வெட்டுகிறார், அம்மா உதிரி பொறுக்குகிறார். 1998இல் நிப்பா வைரஸ் முதலில் தலைகாட்டியது எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஈப்போ வட்டாரத்தில்தான், 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழக லேப்பில்தான் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள் என்று பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் படித்ததிலிருந்து லேப் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு, வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரே மின்னஞ்சலைப் பதினொரு விரிவுரையாளர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் இடமில்லை என்று எழுதினார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

அப்புறம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது பக்கத்து வீட்டு மாமா எலிக்காய்ச்சலில் படுத்திருந்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் வெட்டுக்காயம், அது வழியாகக் கிருமி உள்ளே போகும் என்று அப்பாவுக்கு விளக்கினேன். எலி பிடிக்கக் கூகை ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கும் தோட்டத்தில் இருபது வருடம் வேலை செய்தவர் அவர். "அப்படின்னா எனக்கு ஏம்மா வரல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் அடுத்த மின்னஞ்சலில் எழுதினேன். காய்ச்சலே வராத தோட்டத் தொழிலாளியின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி இருக்குமா, அதை உங்கள் லேப்பில் பார்க்க முடியுமா என்று நாலே வரி, ஒரே ஒரு டாக்டருக்கு. இரண்டு நாளில் வரச் சொன்னார்.

சேர்த்துக்கொண்ட பிறகு காகித வேலைதான் பெரிது. சேமித்து வைத்த ரத்த மாதிரியாக இருந்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அரசு மருத்துவமனை சம்பந்தப்பட்டால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடான என்.எம்.ஆர்.ஆரில் பதிய வேண்டும், மருத்துவ ஆய்வை முறையாகச் செய்வதற்கான ஜி.சி.பி. பயிற்சிச் சான்றிதழ், ஹெப்படைடிஸ் பி ஊசி போட்டதற்கு அத்தாட்சி, லேப் பாதுகாப்புப் பயிற்சி என்று எனக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது. நாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் எலெக்டிவ் பயிற்சி நாலே வாரம்தான், அதனால் தயவுசெய்து இதையெல்லாம் முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.

அனுமதி வருவதற்குள் கை பழகட்டும் என்று லேப் அக்கா திரவத்தை அளந்து உறிஞ்சும் ஒரு பிப்பெட்டையும் தராசையும் கொடுத்தார். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் காட்ட வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அதைவிட அதிகமாகவே காட்டியது. உறிஞ்சும்போது பொத்தானை முதல் தடையில் நிறுத்தாமல் இரண்டாவது வரை அழுத்திக்கொண்டிருந்தேன், அதை அக்காதான் கண்டுபிடித்தார். அதைத் திருத்தி, நுனியை மெதுவாக வெளியே எடுக்கவும் பழகுவதற்கு மூன்று நாள் ஆனது.

ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஏ.டி. சோதனையில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, படிப்படியாக நீர்த்து, எலிக்காய்ச்சல் கிருமியான உயிருள்ள லெப்டோஸ்பைராவோடு கலந்து வைத்துவிட்டு, பின்னணி கருப்பாகத் தெரியும் டார்க் ஃபீல்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதன்முதலில் குனிந்து பார்த்தபோது கருப்புப் பின்னணியில் வெள்ளி நூல்கள், நுனி கொக்கி மாதிரி வளைந்து, நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தன. சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் ஆன்டிபாடி இருந்த சீரம், அங்கே அதே நூல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடந்தன. தோட்டத்து வாய்க்காலில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது இதுதானா என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மலேசியாவில் 2010இலிருந்து எலிக்காய்ச்சல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய், ஆனால் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வருபவர்தானே கணக்கில் வருவார், அப்பா மாதிரி ஆட்கள் வர மாட்டார்களே.

நான் பார்த்தவை எல்லாம் சேமித்து வைத்த மாதிரிகள், அப்பாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. தோட்டத்திலேயே ரத்தம் எடுக்க டாக்டர் இப்போது புது விண்ணப்பம் போடுகிறார், சம்மதப் படிவம் மலாயிலும் தமிழிலும் வேண்டும். தமிழ்ப் படிவத்தை நான் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்தியாக அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டுகிறேன், 'ஆன்டிபாடி' வருகிற இடத்தில் மட்டும் இரண்டு தடவை நிறுத்தச் சொல்லிவிட்டார், அதை இன்னும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.